பெரம்பூர் குடும்பம் புதுச்சேரிக்கு ஏன் போனது? ஆனந்தரங்கப் பிள்ளை வாழ்க்கை சொல்லும் 'தெரிஞ்சவங்க' கணக்கு

விழுப்புரத்துலயோ திண்டிவனத்துலயோ ஒரு பையனுக்கு வெளியூர்ல வேலை கிடைச்சிருக்குன்னு வைங்க. வீட்டுல முதல்ல வர்ற கேள்வி சம்பளம் எவ்வளவு என்பது இல்லை. அங்க நமக்கு யாரு இருக்காங்க என்பதுதான்.

மாமா வீடு தாம்பரத்துல இருக்கா? பக்கத்து வீட்டு அண்ணன் ஒரகடத்துல ரூம் எடுத்திருக்காரா? அப்போ சரி, கிளம்பு. யாருமே இல்லையா? யோசிச்சுச் சொல்றோம். இப்படித்தான் பல வீடுகளில் முடிவு எடுக்கப்படுகிறது. தொழில் தொடங்குபவர்களும் பெரும்பாலும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள்.

இது இன்றைக்கு வந்த பழக்கம் இல்லை. 300 ஆண்டுகளுக்கு முன்பு, சென்னை பெரம்பூரில் இருந்து ஒரு வணிகக் குடும்பம் இதே கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் புதுச்சேரிக்குப் போனது. அந்தக் குடும்பத்துப் பையன் பிற்காலத்தில் பிரெஞ்சு ஆளுநருக்கு அடுத்த இடத்தில் செல்வாக்கோடு இருந்தார். 25 ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதினார். அவர்தான் ஆனந்தரங்கப் பிள்ளை.

அவருடைய வாழ்க்கையை இந்தக் கோணத்தில் பார்த்தால் என்ன தெரிகிறது? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக:

• ஆனந்தரங்கப் பிள்ளையின் குடும்பம் புதுச்சேரிக்கு வந்ததே ஒரு மைத்துனர் அழைத்ததால்தான்.

• அந்த உறவுதான் அவர்களை ஒரு கட்டத்தில் வழக்கிலும் மாட்டிவிட்டது.

• 1746-ல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்களால், சென்னை வணிகர்களைத் தங்கள் ஊருக்கு இழுக்க முடியவில்லை.

• உறவு யாருக்கு உதவியது, யாரை வெளியே நிறுத்தியது என்பதற்கும் அவர் காலமே சாட்சி.

யார் இந்த ஆனந்தரங்கப் பிள்ளை?

பிறந்தது 1709 மார்ச் 30-ம் தேதி, சென்னை பெரம்பூரில். அப்பா பெயர் திருவேங்கடம் பிள்ளை. வசதியான வணிகர். பிள்ளை என்று பெயருக்குப் பின்னால் இருந்தாலும், குடும்பம் யாதவ குலத்தைச் சேர்ந்தது.

அந்தக் காலத்தில் சோழமண்டலக் கடற்கரை முழுக்க ஐரோப்பியக் கம்பெனிகள் கடை விரித்திருந்தன. சென்னையில் ஆங்கிலேயர். கடலூரில் ஆங்கிலேயரின் இன்னொரு கோட்டை. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர். நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர். இப்போது விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் அமைதியாக இருக்கும் கூனிமேட்டில்கூட 1680-களில் ஆங்கிலேயர் வணிகம் நடத்தினார்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் காலூன்றியது 1674-ல். பிரான்சுவா மார்த்தேன் என்ற அதிகாரிதான் அந்த ஊரை வளர்த்தார். 1693-ல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சில ஆண்டுகள் கழித்து ஒப்பந்தப்படி திருப்பிக் கொடுத்தார்கள். ஆக, 1700-களின் தொடக்கத்தில் புதுச்சேரி இன்னும் முழுசாக நிலைபெறாத ஊர். சென்னைதான் பெரிய சந்தை.

அப்படி இருக்கும்போது, சென்னையில் நன்றாக இருந்த ஒரு வணிகர் எதற்காகப் புதுச்சேரிக்குப் போக வேண்டும்?

ஒரு மைத்துனரின் அழைப்பு

பதில்: நைனியப்பப் பிள்ளை.

இவர் திருவேங்கடம் பிள்ளைக்கு மைத்துனர். இவரும் சென்னைப் பக்கத்தில் இருந்து புதுச்சேரிக்குப் போய்த் தொழில் செய்து மேலே வந்தவர். 1708-ல் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகர் ஆனார். கம்பெனிக்கும் உள்ளூர் வணிகர்களுக்கும் நடுவில் நிற்கும் ஆள். அவர் சொன்னால் சரக்கு வரும். அவர் முகம் சுளித்தால் சரக்கு நிற்கும்.

அப்படிப்பட்ட இடத்தில் இருந்த நைனியப்பர், நம்பிக்கையான ஆட்கள் வேண்டும் என்று நினைத்தபோது முதலில் யாரைத் தேடினார்? உறவினரை. மைத்துனர் திருவேங்கடத்தைப் புதுச்சேரிக்கு வரச் சொன்னார். குடும்பம் பெரம்பூரில் இருந்து கிளம்பியது. ஆனந்தரங்கர் அப்போது சின்னப் பையன்.

ஏன் உறவினர்? இது வெறும் பாசம் மட்டும் இல்லை. அதில் ஒரு தொழில் கணக்கும் இருந்தது.

துபாஷ் என்றால் என்ன வேலை?

துபாஷ் என்றால் இரண்டு மொழி தெரிந்தவர் என்று பொருள். ஆனால் வேலை மொழிபெயர்ப்போடு முடியவில்லை.

கம்பெனிக்கு வேண்டியது துணி. ஐரோப்பாவில் இருந்து கப்பல் வந்து நிற்கும்போது, மூட்டை மூட்டையாகத் துணி தயாராக இருக்க வேண்டும். காற்றுக்காலம் தவறினால் கப்பல் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். அதனால் பல மாதங்களுக்கு முன்பே துணிக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

நெசவாளர்கள் இருந்ததோ ஊர் ஊராக. அவர்களிடம் நூல் வாங்கவே கையில் பணம் இருக்காது. எனவே கம்பெனி வணிகருக்கு முன்பணம் கொடுக்கும். வணிகர் தரகருக்குக் கொடுப்பார். தரகர் கிராமத்தில் நெசவாளருக்குக் கொடுப்பார். துணி அதே வழியில் திரும்பி வரும்.

இந்தச் சங்கிலியில் ஒருத்தர் பணத்தை வாங்கிக்கொண்டு கம்பி நீட்டினால்? பிரெஞ்சு அதிகாரி எந்த ஊரில் போய் யாரைத் தேடுவார்? அவருக்கு மொழியும் தெரியாது, வழியும் தெரியாது.

அங்கேதான் உறவு வேலை செய்தது. தரகர் வணிகருக்குத் தூரத்துச் சொந்தம். தரகரின் தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊரில் நெசவாளர் இருப்பார். ஏமாற்றினால் பணம் போவது மட்டும் இல்லை, அடுத்த கல்யாணத்தில் பந்தியில் உட்கார முடியாது. கோர்ட்டும் பத்திரமும் எட்டாத இடத்தில், சொந்தபந்தம்தான் ஜாமீன்.

ஆக, மைத்துனரை அழைத்த நைனியப்பர் ஒரு ஆளை மட்டும் அழைக்கவில்லை. அந்த ஆளோடு சேர்ந்து வரும் நம்பிக்கை வலையையே அழைத்தார்.

உறவே வினையானது எப்படி?

1716-ல் காற்று மாறியது. அப்போதைய ஆளுநர் எபேர் நைனியப்பரைக் கைது செய்தார். கொடுமைப்படுத்தினார், கலகம் தூண்டினார் என்பவை குற்றச்சாட்டுகள். அவர் கிறிஸ்தவர் இல்லை என்பதால் அந்தப் பதவியில் இருக்கக் கூடாது என்று ஏசு சபைப் பாதிரியார்கள் முன்பிருந்தே நெருக்கிவந்தார்கள்.

சாட்டையடி, 3 ஆண்டு சிறை, சொத்துப் பறிமுதல் என்று தீர்ப்பு வந்தது. 1717-ல் சிறையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

மைத்துனர் திருவேங்கடமும் இந்த வழக்கில் சிக்கினார். எந்த உறவை நம்பி வந்தாரோ, அதே உறவு அவரைக் கூண்டில் நிறுத்தியது. பிறகு அவர் திரும்பிப் போனது எங்கே? சென்னைக்குத்தான். அங்கேதான் பழைய சொந்தங்கள் இருந்தன.

கதை அதோடு முடியவில்லை. நைனியப்பரின் மூத்த மகன் குருவப்பர், அப்பாவுக்கு நீதி கேட்டுப் பாரிஸ் வரைக்கும் போனார். அங்கே ஞானஸ்நானம் பெற்றார். அரசின் உயர்ந்த விருது ஒன்றும் கிடைத்தது. நைனியப்பர் மீதான தீர்ப்பு ரத்தானது. குருவப்பர் திரும்பி வந்து அப்பாவின் பதவியிலேயே உட்கார்ந்தார். 1724-ல் இறக்கும் வரை அவர்தான் தலைமைத் தரகர்.

நிலைமை சீரானதும் திருவேங்கடத்தின் குடும்பமும் புதுச்சேரிக்குத் திரும்பியது. ஒரே குடும்பம், 2 முறை குடிபெயர்வு. இரண்டு முறையும் முடிவைத் தீர்மானித்தது சந்தை விலை இல்லை. அங்கே யார் இருக்கிறார்கள் என்பதுதான்.

பாக்குக் கிடங்கில் இருந்து கப்பல் வரை

1726-ல் திருவேங்கடம் பிள்ளை இறந்தார். ஆனந்தரங்கருக்கு அப்போது 17 வயது.

ஆளுநர் லெனுவார் அந்தக் குடும்பத்தை மதித்தவர். பையனின் திறமையைப் பார்த்து, பரங்கிப்பேட்டையில் இருந்த கம்பெனியின் துணித்தொழிலை அவரிடம் ஒப்படைத்தார். அங்கே துணிக்கு நீலச்சாயம் ஏற்றுவது முக்கிய வேலை.

அவர் அதோடு நிற்கவில்லை. ஆற்காட்டிலும், ராணிப்பேட்டை பக்கத்தில் உள்ள லாலாப்பேட்டையிலும் தன் வணிக இடங்களைத் தொடங்கினார். ஐரோப்பியச் சரக்கை அங்கே விற்று, உள்நாட்டுச் சரக்கை இங்கே கொண்டுவருவது கணக்கு. புதுச்சேரியில் பாக்குக் கிடங்கு வைத்திருந்தார். பல பேச்சுவார்த்தைகள் நடந்ததே அந்தக் கிடங்கில்தான். பின்னாளில் ஆனந்தப்புரவி என்ற பெயரில் சொந்தக் கப்பலே ஓடியது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அவரைப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தது நெருங்கிய சொந்தம். ஆனால் அவரை மேலே தூக்கியது சொந்தம் மட்டும் இல்லை. ஆற்காடு நவாப் வட்டாரத்து முஸ்லிம் பிரமுகர்கள், பிரெஞ்சு அதிகாரிகள், வெளியூர் வணிகர்கள் என்று தன் சாதிக்கும் வீட்டுக்கும் வெளியே அவர் பழகிய ஆட்கள் ஏராளம்.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் விளக்கினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தியும் புது வாய்ப்பும் அதிகம் வருவது, லேசாகப் பழகியவர்கள் வழியாக. ஆனந்தரங்கரின் பாக்குக் கிடங்குக்கு வந்து போனவர்களில் பலர் அப்படிப்பட்டவர்கள்தான்.

1736 செப்டம்பரில் அவர் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். எந்தக் கப்பல் வந்தது, யார் யாருக்குக் கடன் கொடுத்தார், யார் வீட்டுக் கல்யாணம், யார் மீது யாருக்குக் கோபம் என்று எல்லாம் அதில் இருக்கும். ஒரு வணிகருக்கு இவையெல்லாம் ஊர்வம்பு இல்லை, தொழில் தகவல்.

ஊரை விட்டுப் போகிறோம் என்ற ஆயுதம்

அன்றைய புதுச்சேரியில் தெருக்கள் சாதிவாரியாகவும் தொழில்வாரியாகவும் பிரிந்திருந்தன. செட்டித் தெரு, கோமுட்டித் தெரு போன்ற பெயர்கள் அதற்குச் சாட்சி. நெசவாளர்களுக்குத் தனிப் பகுதி, வணிகர்களுக்குத் தனிப் பகுதி.

இதற்கு 2 பக்கம் உண்டு. புதிதாக வரும் நெசவாளருக்கு, தன் ஆட்கள் இருக்கும் தெருவில் உடனே இடம் கிடைக்கும், தறி கிடைக்கும், கடன் கிடைக்கும். மற்றவருக்கு அந்தத் தெரு மூடிய கதவு.

ஒன்றாக வாழ்ந்தவர்களுக்கு ஒன்றாகக் கிளம்பவும் தெரியும். 1700-களின் தொடக்கத்தில், கோயில் வழிபாட்டுக்கும் திருவிழாவுக்கும் பிரெஞ்சு நிர்வாகம் தடை போட முயன்றபோது, வணிகர்களும் நெசவாளர்களும் ஊரையே காலி செய்வோம் என்று ஒன்றுக்கு மேற்பட்ட முறை கிளம்பினார்கள். தறி போனால் துணி இல்லை, துணி இல்லையென்றால் கப்பல் காலியாகத்தான் போகணும். நிர்வாகம் இறங்கி வந்தது.

ஆனால் இந்த ஆயுதம் எப்போதும் வேலை செய்யாது. 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த நேரம், டூப்ளே ஆட்சியில் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கர் எவ்வளவோ செல்வாக்கோடு இருந்தும் அதைத் தடுக்க முடியவில்லை. வெளியே எதிரிப் படை நிற்கும்போது, ஊரை விட்டுப் போகிறோம் என்று யாரால் சொல்ல முடியும்? போக இன்னொரு இடம் இருந்தால்தான் அந்த மிரட்டலுக்கு மதிப்பு.

ஆபத்தில் எங்கே ஓடுவது?

1740-ல் மராத்தியப் படை ஆற்காட்டுப் பகுதிக்குள் நுழைந்தது. நவாப் தோஸ்த் அலி போரில் கொல்லப்பட்டார். அவருடைய குடும்பமும், மருமகன் சந்தா சாகிப்பின் குடும்பமும் உயிர் தப்ப இடம் தேடின. எங்கே போனார்கள்? புதுச்சேரிக்கு.

காரணம், ஆளுநர் துமாவோடு அவர்களுக்கு ஏற்கெனவே இருந்த நட்பு. மராத்தியர் மிரட்டியும் துமா அவர்களைக் கைவிடவில்லை. அந்த அடைக்கலம்தான், பின்னாளில் சந்தா சாகிப் பிரெஞ்சுப் பக்கம் நிற்க ஒரு காரணமானது.

சென்னை வணிகர்கள் ஏன் வரவில்லை?

இப்போது கதையின் முக்கியமான கட்டத்துக்கு வருவோம்.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது. ஆளுநர் டூப்ளேவின் கனவு பெரிது. சென்னையின் பணக்கார வணிகர்களை அப்படியே புதுச்சேரிக்குக் கொண்டுவந்துவிட்டால், வணிகமும் கூடவே வந்துவிடும் என்று அவர் கணக்குப் போட்டார். அவர்களை வரவழைக்கும் முயற்சியில் ஆனந்தரங்கருக்கும் பங்கு இருந்தது. சென்னையில் பிறந்தவர், அங்கே சொந்தம் உள்ளவர், அவரை விடப் பொருத்தமான ஆள் யார்?

ஆனால் டூப்ளே எதிர்பார்த்த அளவுக்கு யாரும் வரவில்லை. பலர் அக்கம்பக்கத்து ஊர்களில் போய் ஒதுங்கினார்கள், காத்திருந்தார்கள். 1748 ஒப்பந்தப்படி 1749-ல் சென்னை மறுபடி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. வணிகமும் அங்கேயே தழைத்தது.

ஏன்? ஒரு வணிகரின் சொத்து என்பது கையில் உள்ள பணம் மட்டும் இல்லை. அவருக்குக் கடன் தரும் ஆள், அவரிடம் கடன் வாங்கிய ஆள், சரக்கு தரும் கிராமம், பெண் கொடுத்த வீடு, கோயிலில் அவருக்குக் கிடைக்கும் மரியாதை, எல்லாம் சேர்ந்துதான் சொத்து. உத்தரவு போட்டு ஆளை நகர்த்தலாம். இதையெல்லாம் மூட்டை கட்ட முடியாது.

ஒரு மைத்துனரின் அழைப்பு செய்த வேலையை, ஒரு ஆளுநரின் உத்தரவால் செய்ய முடியவில்லை.

பதவி வந்தது, பகையும் வந்தது

குருவப்பருக்குப் பின் தலைமைத் துபாஷாக இருந்தவர் கனகராய முதலி. கிறிஸ்தவர். 1746 பிப்ரவரியில் அவர் இறந்ததும் பதவிக்குப் பெரிய போட்டி. அவருடைய தம்பி ஒரு பக்கம், ஆனந்தரங்கர் இன்னொரு பக்கம். கிறிஸ்தவர்தான் அந்த இடத்துக்கு வரணும் என்ற பழைய வாதமும் மறுபடி எழுந்தது. டூப்ளேவின் மனைவிக்கும் ஆனந்தரங்கரைப் பிடிக்கவில்லை.

ஆனாலும் 1747 வாக்கில் பதவி அவர் கைக்கு வந்தது. 1749-ல் முசாபர் ஜங் அவருக்கு 3,000 குதிரைகளுக்கான மன்சப்தார் பட்டம் கொடுத்தார். புலவர்கள் தேடி வந்தார்கள். தியாகராய தேசிகர் ஆனந்தரங்கன் கோவை பாடினார். சமஸ்கிருதத்தில் சீனிவாசர் ஆனந்தரங்க விஜய சம்பு எழுதினார். 1738-ல் கட்டிய அவருடைய மாளிகை, புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கத்தில் இன்றும் நிற்கிறது.

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் என்ன நடந்தது?

புதுச்சேரியில் இருந்து விழுப்புரமும் திண்டிவனமும் சுமார் 40 கிலோமீட்டர்தான். அன்றைக்கும் புதுச்சேரிக்கு வேண்டிய அரிசி, துணி, ஆட்கள் எல்லாம் உள்நாட்டில் இருந்துதான் போகணும். அதனால் கடற்கரையில் நடந்த சண்டை உள்ளூர்க் கிராமங்களின் தலையில்தான் விடிந்தது.

1750-ல் நாசிர் ஜங்கின் பெரும்படை வழுதாவூர் பக்கம் முகாமிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். டிசம்பரில் செஞ்சி அருகே நாசிர் ஜங் கொல்லப்பட்டார். 1760 ஜனவரியில் வந்தவாசிப் போரில் பிரெஞ்சுக்காரர்கள் தோற்றார்கள். அதன் பிறகு திண்டிவனம் அருகே பெருமுக்கல் மலைக்கோட்டையைத் தாக்கியபோது, ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் காயமடைந்தார்.

படை போகும் வழியில் நெசவாளர் தறி போட முடியுமா? விவசாயி நடவு நட முடியுமா? கர்நாடகப் போர்கள் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அவை நடந்தது நம்ம ஊர் வயல்களில்தான்.

இன்றைக்கும் விழுப்புரத்தில் இருந்து புதுச்சேரிக்குப் போனால், தமிழ்நாடும் புதுச்சேரியும் மாறி மாறி வரும். அந்தக் காலத்துப் போர்களும் கைமாற்றங்களும் விட்டுச் சென்ற தடம் அது. எல்லை பிரிந்தாலும் பெண் கொடுத்து பெண் எடுப்பது நிற்கவில்லை. கோடு மேப்பில்தான்.

யாரும் இல்லாதவர்களுக்கு என்ன ஆனது?

உறவின் பெருமையை மட்டும் பேசினால் கதை பாதிதான்.

அதே புதுச்சேரித் துறையில் இருந்து மனிதர்கள் அடிமைகளாகவும் கப்பல் ஏற்றப்பட்டார்கள். பிரெஞ்சுக்காரர்களின் மொரீஷியஸ் தீவுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஏமாற்றியும் கடத்தியும் ஆள் பிடித்த கும்பலைப் பற்றி 1743-ம் ஆண்டு நாட்குறிப்பிலேயே ஆனந்தரங்கர் பதிவு செய்திருக்கிறார். அவர்கள் தங்கள் ஊரைத் தாங்களே தேர்ந்தெடுக்கவில்லை. பஞ்சமும் போரும் சொந்தபந்தத்தை அறுத்துவிட்ட மனிதர்கள்தான் இப்படிப்பட்ட கும்பலிடம் எளிதில் சிக்கினார்கள்.

1760-ன் கடைசியில் புதுச்சேரி மீண்டும் முற்றுகையில் இருந்தது. உணவு தட்டுப்பாடு. தளபதி லாலி, ஊரில் இருந்த சுமார் 1,400 இந்தியர்களைக் கோட்டைக்கு வெளியே அனுப்பினார். ஆங்கிலேயரும் அவர்களை உடனே போகவிடவில்லை. இரண்டு படைகளுக்கும் நடுவில் நாட்கணக்கில் பட்டினி கிடந்தார்கள். வசதியும் தொடர்பும் உள்ளவர்கள் தப்பினார்கள். இல்லாதவர்கள் நடுவெளியில் நின்றார்கள்.

கடைசி நாட்கள்

1754-ல் டூப்ளே பிரான்சுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். ஆனந்தரங்கரின் செல்வாக்கும் சரிந்தது. உடல்நலமும் கெட்டது. 1756-ல் பதவி போனது. குடும்பத்தைப் பெரம்பூரில் இருந்து கொண்டுவந்து நிலைநிறுத்தியது ஆள் தொடர்பு. அந்த ஆட்கள் மாறியதும் அவருடைய இடமும் ஆட்டம் கண்டது.

1761 ஜனவரியில் அவர் இறந்தார். அதே மாதம் 16-ம் தேதி புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. வென்றவர்கள் நகரை இடித்துத் தள்ளினார்கள். அவருக்குப் பின் அவர் குடும்பத்தினர் சில ஆண்டுகள் நாட்குறிப்பைத் தொடர்ந்தார்கள்.

1846-ல் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர்தான் இந்த நாட்குறிப்பை வெளியுலகத்துக்குக் கண்டெடுத்துக் கொடுத்தார். 1904 முதல் 1928 வரை ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதிகளாக வந்தது. இதை அடிப்படையாக வைத்துத்தான் பிரபஞ்சன் மானுடம் வெல்லும், வானம் வசப்படும் நாவல்களை எழுதினார். வானம் வசப்படும் 1995-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது.

இன்றைய ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

ஆனந்தரங்கர் குடும்பம் செய்ததை இன்றைக்கு உலகம் முழுக்க ஆய்வாளர்கள் அளந்து பார்க்கிறார்கள்.

மைக்கேல் டால், ஒலாவ் சோரன்சன் ஆகிய இருவரும் டென்மார்க் நாட்டுத் தொழில்முனைவோரை ஆராய்ந்து 2012-ல் கட்டுரை வெளியிட்டார்கள். குடும்பமும் நண்பர்களும் இருக்கும் பகுதியில் தொழில் தொடங்கவே பெரும்பாலோர் விரும்புகிறார்கள் என்று தெரிந்தது. அது மட்டும் இல்லை, தாங்கள் நீண்டகாலம் வாழ்ந்த பகுதியில் தொடங்கியவர்களின் தொழில் கூடுதல் காலம் தாக்குப்பிடித்தது, லாபமும் கூடுதலாக இருந்தது.

அப்போ சொந்த ஊர்தான் சொர்க்கமா? கொஞ்சம் பொறுங்க. நம்ம திருப்பூரைப் பற்றிய இன்னொரு ஆய்வு மறுபக்கத்தைக் காட்டுகிறது. அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004-ல் வெளியிட்டது. பனியன் தொழிலில் உள்ளூர்ச் சமூகத்தைச் சேர்ந்தவர்களுக்குச் சொந்தபந்தம் வழியாக முதலீடு சுலபமாகக் கிடைத்தது. வெளியில் இருந்து வந்தவர்கள் குறைந்த முதலீட்டோடு தொடங்கினார்கள். ஆனால் அவர்களின் உற்பத்தி வேகமாக வளர்ந்தது.

இதன் பொருள் என்ன? பணம் திறமையைத் தேடிப் போகவில்லை, தெரிந்தவரைத் தேடிப் போனது. உறவு ஒரு ஏணி. அதே உறவு வெளியே நிற்பவருக்கு வேலி.

நம்ம ஊருக்கு இதில் என்ன இருக்கிறது?

திண்டிவனத்தில் சிப்காட் வருகிறது என்றதும், நிலம் எவ்வளவு, ரோடு எவ்வளவு, கம்பெனி எத்தனை என்று பேசுகிறோம். எல்லாம் தேவைதான். ஆனால் ஆனந்தரங்கர் வாழ்க்கை இன்னொரு கேள்வியைக் கேட்கச் சொல்கிறது. அங்கே முதலில் வேலைக்குப் போகிற ஆள் யார்? ஏன்னா, அவர்தான் அடுத்த 10 பேரைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறார்.

விழுப்புரம் பக்கம் சிறுவந்தாட்டில் பட்டு நெசவு நிலைத்திருப்பதற்கும் இதுவே அடிப்படை. தறியை எங்கே வேண்டுமானாலும் போடலாம். பக்கத்து வீட்டில் கற்றுக்கொடுக்க ஆளும், அவசரத்துக்கு நூல் தர ஆளும் இருக்கும் தெருவை நினைத்த இடத்தில் போட முடியாது.

ஆனால் அந்த ஊரில் யாருமே தெரியாத வீட்டுப் பொண்ணு, அப்பா பெயரைச் சொன்னால் கதவு திறக்காத வீட்டுப் பையன், இவர்களுக்கு யார் நைனியப்பர்? இந்த இடத்தில்தான் அரசு விடுதி, வேலைவாய்ப்பு முகாம், வெளிப்படையான ஆள்சேர்ப்பு, கூட்டுறவுக் கடன் எல்லாம் அர்த்தம் பெறுகின்றன. சொந்தம் இல்லாதவர்களுக்கு அவைதான் அந்த மைத்துனர் வேலையைச் செய்ய வேண்டும்.

அடுத்த முறை புதுச்சேரி போனால், பெரிய மார்க்கெட் பக்கம் ரங்கப்பிள்ளை வீதியில் அந்தப் பழைய மாளிகையை ஒரு நிமிஷம் நின்று பாருங்க. அது ஒரு பணக்காரர் கட்டிய வீடுதான். ஆனால் அதற்கு முதல் கல் விழுந்தது, மைத்துனரே வாங்க என்று ஒருத்தர் பெரம்பூருக்குச் சொல்லி அனுப்பிய நாளில்.